எலுமிச்சம்பழத்தில் சரியாகவில்லை

டேனி,

நலம் விசாரிப்பதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். உன் அப்பாவின் கால் நகம் எலுமிச்சம்பழத்தில் சரியாகவில்லை. அப்படிச் சரியானதாக அவர் போனில் உன்னிடம் சொன்னது முழுப் பொய். அவருக்கு ஆபரேஷன் நடந்தது. நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். நீ புனேயில் வேலையாக இருந்தாய், கல்யாணப் பேச்சு வேறு நடந்துகொண்டிருந்தது, அதனால் உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவர் சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்தச் சத்தியத்தை இப்போது மீறுகிறேன். காரணம் உன் மனைவி.

நேற்று எஸ்தர் போன் செய்தாள். இங்கே மழையா என்று கேட்டாள், ஆலயத்தில் யார் பிரசங்கம் என்று கேட்டாள், என் முட்டி வலியைக் கேட்டாள். எதையோ கேட்க வந்துவிட்டு எதையெதையோ கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் வகுப்பறையில் நின்றவளுக்கு அதுகூடத் தெரியாதா? கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அத்தை, தப்பா நினைக்க மாட்டீங்கன்னா ஒண்ணு கேக்கறேன். அவர் வீட்டுக்குள்ளயும் சாக்ஸோடவே இருக்கார். தூங்கும்போதுகூடக் கழட்டறதில்ல" என்றாள். குளிராக இருக்கும் என்றேன். "ஃபேன் அஞ்சுல ஓடுது அத்தை" என்றாள். "ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நான் தாங்கிப்பேன். யார் பேரையாவது பச்சை குத்தியிருக்காரா?" பாதத்தில் போய் யார் பெயரைக் குத்துவார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் குரலில் சிரிப்பு இல்லை. புதிதாகக் கல்யாணமான பெண், ஊர் விட்டு ஊர் போனவள், மொழி தெரியாத இடத்தில் பக்கத்தில் படுத்திருக்கும் ஒருவன் தன்னிடமிருந்து எதையோ மறைக்கிறான் என்று கண் விழித்துக்கொண்டு கிடக்கிறாள். நான் என்ன பதில் சொல்வது என்று யோசிப்பதற்குள் அவளே, "இன்னொண்ணு அத்தை. ஃபிரிட்ஜில எலுமிச்சம்பழம் நிக்கவே மாட்டேங்குது. நான் இதுவரைக்கும் ஒரு ஜூஸ்கூடப் போட்டதில்ல" என்றாள். அந்த இடத்தில் எனக்கு எல்லாமே புரிந்துவிட்டது.

"பயப்படற மாதிரி ஒண்ணுமே இல்லம்மா. ஞாயித்துக்கிழமைக்குள்ள அவனே உன்கிட்ட சொல்லுவான். சொல்லலைன்னா திங்கக்கிழமை காலைல நான் சொல்றேன்" என்று போனை வைத்தேன். ஆக, உனக்கு ஞாயிறு வரை தவணை. அதற்குள் இந்தக் கடிதத்தைப் படித்து முடி.

போனை வைத்த கையோடு ஹாலுக்குப் போனேன். உன் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "பையன்கிட்ட என்ன சொல்லி வச்சிருக்கீங்க?" என்றேன். "எதைப் பத்தி டீச்சர்?" என்றார். அவர் என்னை டீச்சர் என்று கூப்பிட்டால் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம், அது உனக்கே தெரியும். "கட்டைவிரல்ல நகம் குத்துதுன்னான். எலுமிச்சம்பழம் வைடான்னேன். எனக்கு அதுலதான் போச்சுன்னேன்." "உங்களுக்கு அதுலயா போச்சு?" என்று கேட்டேன். அவர் பேப்பரை ஒரு பக்கம் திருப்பிவிட்டு, "குளிர்ச்சியா இருந்துச்சுல்ல" என்றார்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். உன் அப்பா நகம் வெட்டுவதை நீ சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். சனிக்கிழமை குளித்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் மோடா போட்டு உட்கார்ந்து, திருமுடிவாக்கத்தில் அவர் கம்பெனியில் வார்ப்புகளைச் சோதிப்பாரே, அதே முகத்தோடு வெட்டுவார். மூலைகள் கூர்மையாக இருந்தால் அவருக்குப் பிடிக்காது. உருட்டி, இரண்டு ஓரங்களிலும் உள்ளே வரைக்கும் போய், பார்ப்பதற்கு மாதுளை முத்து மாதிரி ஆக்கிவிடுவார். உனக்கும் அப்படித்தான் பழக்கினார். கை விரலுக்கு அது அழகு. கால் கட்டைவிரலில் அப்படி வெட்டினால், மூலையை இழந்த நகத்தின் மேல் சதை வந்து மூடிக்கொள்கிறது. அப்புறம் வளரும் நகத்துக்கு வெளியே வர வழி இல்லை. சதைக்குள்ளேயே குத்திக்கொண்டு வளர்கிறது. கால் நகத்தை நேர்கோடாக வெட்ட வேண்டும், மூலை சதைக்கு வெளியே தெரிய வேண்டும். இதை எனக்குச் சொன்ன டாக்டர் பின்னால் வருகிறார்.

உன் நிச்சயத்துக்குத் தேதி குறித்த சமயத்தில்தான் அவருக்கு இது முற்றியது. கம்பெனியில் இரும்பு முனை வைத்த ஷூ போட்டே ஆக வேண்டும். போடாதவர்களைப் பிடித்துத் திட்டுவதே இவர்தான். வலியில் நடக்க முடியாமல், ஒவ்வொரு மெஷின் பக்கமும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிடுவாராம். ஆட்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். சார் நம்ம மெஷினிலேயே நின்று பார்க்கிறார், ஏதோ தப்பு கண்டுபிடித்துவிட்டார் என்று பயந்து ஒவ்வொரு பீஸையும் துடைத்துத் துடைத்துச் செய்திருக்கிறார்கள். அந்த மாதம் கழிவு பாதியாகக் குறைந்துவிட்டது என்று முதலாளி இவருக்குக் கை கொடுத்தாராம். அதையும் பெருமையாக வீட்டில் வந்து சொன்னார். கால் வலியை மட்டும் சொல்லவில்லை.

எனக்கு வீட்டில் தெரிந்ததெல்லாம் வேறு. எலுமிச்சம்பழம் காணாமல் போகிறது. ராத்திரி சாப்பாடானதும் மனிதர் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார். வெளியே வரும்போது ஒரு மாதிரி தள்ளாடி, சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறார். பக்கத்தில் வந்தால் எலுமிச்சை வாசனை. நீயே சொல், எந்த மனைவி என்ன நினைப்பாள்? ஞாயிறு தவறாமல் ஆலயத்தில் காணிக்கைப் பை பிடிக்கிற மனிதர், மகன் கல்யாணம் நிச்சயமாகிற நேரத்தில் குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன். போதகரிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்றுகூட மனதுக்குள் வாக்கியம் தயாரித்தேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கதவைத் தட்டினேன். "கதவத் திறங்க. பாட்டிலோட வெளிய வாங்க." உள்ளேயிருந்து, "எந்தப் பாட்டில்?" என்றார். கதவு திறந்தது. பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டியிருந்தார். வலது கட்டைவிரலில் ஒரு முழு எலுமிச்சம்பழம் தொப்பி மாதிரி உட்கார்ந்திருந்தது. "ஒண்ணுமில்ல டீச்சர்" என்றார்.

பழத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். நகத்தின் ஓரத்தில் சதை சிவந்து, வீங்கி, நகத்தின் மேலேயே ஏறிப் படுத்திருந்தது. ஓரத்தில் சீழ். தொடக்கூட இல்லை, விரலைக் கிட்டே கொண்டு போனதற்கே பல்லைக் கடித்தார். அதைப் பார்த்த பிறகு குடித்திருந்தால்கூடத் தேவலையோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. மறுநாள் காலையில் அவரைக் கிளப்பி, ஜி.எஸ்.டி. ரோட்டில் இரும்புலியூர்ப் பக்கம் இருக்கிற ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அறுவை சிகிச்சை டாக்டர் ஒரு பெண். உன் வயதிருக்கும். விரலைப் பார்த்துவிட்டு நிதானமாக விளக்கினாள். "ஆரம்பத்துலயே வந்திருந்தா கத்தியே தேவைப்பட்டிருக்காது அங்கிள். வெந்நீர்ல ஊற வச்சு, நகத்து மூலைக்கு அடியில துளி பஞ்சு வச்சுத் தூக்கி விட்டிருப்போம். இல்லைன்னா மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் குழாயக் கீறி நகத்து ஓரத்துல மாட்டி விட்டா, சதையில குத்தாம அது பாட்டுக்கு வளந்து வெளிய வந்துடும். இப்ப சதை மேல ஏறிடுச்சு. திரும்பத் திரும்ப வருதுன்னு வேற சொல்றீங்க. குத்தற ஓரத்த மட்டும் ஒரு கீற்று வேர் வரைக்கும் வெட்டி எடுத்துட்டு, அந்த இடத்து வேருக்கு ஃபீனால் மருந்து வச்சுடலாம்னு பாக்கறேன்."

உன் அப்பாவுக்கு அது ஒப்பவில்லை. "முழு நகத்தையும் எடுத்துடுங்க டாக்டர். ஒரு பீஸ்ல ஓரத்துல டிஃபெக்ட்னா நாங்க ஓரத்த மட்டும் வெட்ட மாட்டோம். பீஸையே ரிஜெக்ட் பண்ணிடுவோம்" என்றார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க வார்ப்புக் கம்பெனியா அங்கிள்? அப்ப உங்களுக்கே தெரியும். பீஸத் தூக்கிப் போட்டாலும் அச்சு உள்ளயேதான இருக்கு. முழு நகத்த எடுத்தாலும் வேர்லேர்ந்து அதே அகலத்துல, சமயத்துல இன்னும் தடிப்பா, மறுபடி வளரும். அப்ப மறுபடி குத்தலாம். நான் அச்சுல அந்த ஓரத்த மட்டும் அடைச்சு விட்டுடறேன். அப்புறம் வர்ற நகம் கொஞ்சம் ஒடுக்கமா வரும், அவ்வளவுதான்." அப்பா என் பக்கம் திரும்பி, "இவங்களுக்கு டை மேக்கிங் தெரிஞ்சிருக்கு" என்றார். அச்சு செய்யும் வேலையில் அவர் யாருக்கும் அவ்வளவு எளிதில் பாராட்டு கொடுப்பவர் அல்ல.

உனக்கு இதில் எது என்று நான் சொல்ல முடியாது. எனக்கு ஒரே ஒரு விரலோடுதான் அனுபவம். சிலருக்கு வேரை மருந்துக்குப் பதில் லேசரிலோ மின்சாரத்திலோ சுடுவார்களாம். சிலருக்குக் கத்தியால் வேரையே கொஞ்சம் எடுத்துவிடுவார்களாம். நகத்தில் தப்பில்லை, சதைதான் பெருத்துவிட்டது என்றால், நகத்தை விட்டுவிட்டுச் சதையை மட்டும் குறைப்பதும் உண்டாம். உனக்கு இப்போதுதான் ஆரம்பம் என்றால் பஞ்சோடு முடிந்தாலும் முடியும். அதனால்தான் சீக்கிரம் காட்டு என்கிறேன். எலுமிச்சம்பழத்தில் கழிகிற ஒவ்வொரு நாளும் உன்னைப் பஞ்சிலிருந்து கத்திப் பக்கம் நகர்த்துகிறது.

ஆபரேஷன் அன்று எங்களுக்கு முன்னால் ஒரு கணவன் மனைவி. கோவளம் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். அவர் கடலுக்குப் போகிறவர், அந்த அம்மா மீன் விற்கிறவர். அவருக்கும் இதே கட்டைவிரல். ஆள் கதவு உயரம். கை ஒவ்வொன்றும் துடுப்பு மாதிரி. அந்த ஆள் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, வாசலில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "செல்வி, எனக்கு பயமா கீது. நீ எங்கயும் பூடாத" என்றார். அந்த அம்மா, "நான் எங்க போவப் போறேன். இங்கதான கீறேன். வா" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அப்பா என் காதில், "இவ்வளவு பெரிய ஆளு, பாரு" என்றார். என்னை வெளியே பெஞ்சிலேயே இருக்கச் சொன்னார். ஒரு சின்ன நகத்துக்கு எதற்கு இரண்டு பேர் என்றார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு அலறல் வந்தது. அப்புறம் அமைதி. அப்புறம் அந்த ஆள் சிரிக்கிற சத்தம். நர்ஸ் வந்து அப்பாவின் பெயரைக் கூப்பிட்டாள். அவர் எழுந்து, கதவு வரை போய், திரும்பி வந்தார். "நீயும் வா. டாக்டர் ஏதாவது முக்கியமா சொன்னா நீ ஞாபகம் வச்சுக்கலாம்."

ஊசியைப் பற்றி உன்னிடம் எல்லோரும் எறும்பு கடிக்கிற மாதிரி என்பார்கள். நம்பாதே. விரலின் அடியில் இரண்டு பக்கமும் போடுகிறார்கள், அது வலிக்கிறது. ஆனால் வலிப்பது அது ஒன்றுதான், அதுவும் சட்டென்று முடிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு சத்தமாக ஜெபம் செய்தார். பாதி தூரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது, அவர் சொல்லிக்கொண்டிருந்தது சாப்பாட்டு ஜெபம். தட்டில் இருக்கிற ஆகாரத்துக்காக நன்றி சொல்லி, சமைத்த கைகளை ஆசீர்வதிக்கச் சொன்னார். டாக்டர் கையில் கத்தியோடு, "ஆமென்" என்றாள். அப்புறம் விரல் மரத்துப்போனது. அடியில் ஒரு ரப்பர் பட்டை கட்டி ரத்தத்தை நிறுத்தி, ஓரத்தில் ஒரு கீற்றை வெட்டி உருவினாள். குச்சியில் சுற்றிய பஞ்சால் வேரில் மருந்தைத் தேய்த்தாள். நெடி மூக்கில் ஏறியது. தலையணையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "வெட்டுனது எவ்வளவு அகலம் டாக்டர்?" "உங்க வெர்னியர எடுத்துட்டு வந்திருந்தா அளந்திருக்கலாம் அங்கிள்" என்றாள்.

வீட்டுக்கு ஆட்டோவில் வந்தோம். கட்டைவிரல் ஒரு தேங்காய் அளவுக்குக் கட்டோடு இருந்தது. "இன்னா சார், லாரி ஏறிகிச்சா?" என்று கேட்டார் டிரைவர். "நகம்பா" என்றார் அப்பா. "நகத்துக்கா இம்மாம் பெரிய கட்டு?" உன் நிச்சயத்தில் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு காலில் ரப்பர் செருப்போடு நின்றாரே, போட்டோவே கெட்டது என்று நீ என்னிடம் சண்டை போட்டாயே, அதற்குக் காரணம் இதுதான். புண் ஆறும் வரை மூடின செருப்பு கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாள். கல் தடுக்கிவிட்டது என்று உன்னிடமும் சம்பந்தி வீட்டிலும் சொன்னோம்.

நான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தது இனிமேல் சொல்லப்போவதற்காக. மறுநாள் கட்டைப் பிரித்து, வெந்நீரில் உப்புப் போட்டுக் கழுவி, புதுக் கட்டுப் போட வேண்டும். ரூபி வரட்டும் என்றார் அப்பா. உன் அத்தை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், தங்கச்சி, அவளிடம் கால் நீட்டக் கூச்சமில்லை. ஆனால் காலையிலிருந்து மழை. அஸ்தினாபுரத்தில் அவள் தெருவில் முழங்கால் தண்ணீர். சாயங்காலம் வரை காத்திருந்தார். கட்டு புண்ணோடு ஒட்ட ஆரம்பித்தது. "அண்ணா, அண்ணியே செய்யட்டும், பெரிய வித்தை ஒண்ணுமில்ல" என்று அவள் போனில் சொல்லிவிட்டாள். நான் பேசினில் வெந்நீர் கொண்டுவந்து தரையில் உட்கார்ந்தேன். அவர் காலை நீட்டவில்லை. நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினார்.

இத்தனை வருஷத்தில் அவர் பாதத்தை நான் கையில் பிடித்தது அன்றைக்குத்தான் டேனி. துணியை நனைத்து நனைத்து மெல்ல எடுத்துக்கொண்டிருந்தேன். வலிக்கிறதா என்று கேட்கவில்லை, கேட்டால் இல்லை என்பார். ஜன்னலைப் பார்த்தபடியே, "எங்கப்பாவுக்கும் விரல்லதான் ஆரம்பிச்சுது" என்றார். தாத்தாவுக்குச் சர்க்கரை இருந்ததும் கால் எடுத்ததும் எனக்குத் தெரியும். அது முதலில் விரலாக, பிறகு பாதமாக, பிறகு முழங்காலாகப் போனதும், ஒவ்வொரு தடவையும் வெட்டுவதற்குச் சம்மதக் கையெழுத்துப் போட்டது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இவர்தான் என்பதும் எனக்குத் தெரியாது. "காட்டுனா வெட்ட ஆரம்பிச்சுடுவாங்கன்னு நெனச்சேன். சர்க்கரை பாக்கறதுக்குக்கூட இத்தன நாளாப் போகல. உன் டாக்டர்கிட்ட நம்ம குடும்பத்துல யாருக்கும் சர்க்கரை இல்லன்னு சொல்லிட்டேன்." கட்டைப் போட்டு முடித்தேன். ஆஸ்பத்திரியில் எடுத்த சோதனையில் அவருக்குச் சர்க்கரை அதிகமில்லை. இருந்தாலும் மறுநாளே டாக்டரிடம் தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியையும் பார்த்தார்கள். எல்லைக்கோட்டில் நிற்கிறது, கவனமாக இருங்கள் என்றார்கள். இப்போது காலையில் நடக்கிறார். ராத்திரிக்குக் கேழ்வரகு தோசை, திட்டிக்கொண்டே சாப்பிடுகிறார். நீ டாக்டரிடம் போகும்போது தாத்தாவைப் பற்றிச் சொல்லிவிடு. சர்க்கரையும் பார்த்துவிடு.

நீ சாக்ஸுக்குள் எதை மறைக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. உன் அப்பாவுடைய பயமா, வெறும் வெட்கமா, புதுப் பெண்டாட்டி முகம் சுளித்துவிடுவாள் என்ற கூச்சமா, எதுவாகவும் இருக்கட்டும். அவளுக்கு உன் விரல் பெரிய விஷயமே இல்லை. நீ ஒன்றை மறைக்கிறாய் என்பதுதான் அவளைத் தூங்கவிடாமல் செய்கிறது. அவளையே கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போ. உள்ளேயும் கூட்டிக்கொண்டு போ. பயமாக இருந்தால் வாசலிலேயே சொல்லிவிடு, கோவளத்துக்காரருக்கு அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை. மரத்துப்போனது தெளிவதற்கு முன்னால் டாக்டர் தருகிற வலி மாத்திரையைப் போட்டுக்கொள். அன்றைக்குக் காலைத் தலையணையில் உயர்த்தி வைத்துப் படு. சில வாரம் கொஞ்சம் கசியும், பயப்படாதே. ஆனால் சிவப்பு பரவினாலோ, வலி கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே டாக்டரிடம் காட்டு.

உன் அப்பா இப்போதே புனேக்கு ரயில் பார்த்துக்கொண்டிருக்கிறார். கட்டுப் போட ஆள் வேண்டாமா என்கிறார். ரூபி அத்தையும் நான் வருகிறேன் என்கிறாள். இரண்டு பேரையும் தடுத்துவிட்டேன். என்னையும் தடுத்துக்கொண்டேன், அதுதான் கஷ்டமாக இருந்தது. நான் வரவில்லை டேனி. நான் அங்கே இருந்தால் நீ காலை என்னிடம் நீட்டிவிடுவாய்.

அம்மா